அறியாமை அறமாகுமா?

தூத்துக்குடிக் கரையில் மதங்கள் கூப்பிடு தூரத்தில் வாழ்கின்றன. பனிமய மாதா பேராலயத்திலிருந்து கடலோரமாகத் தெற்கே போனால் காயல்பட்டினத்துப் பள்ளிவாசல்கள் வரும்; அடுத்து திருச்செந்தூர் முருகன் கோயில்; அதையும் தாண்டினால் மணப்பாட்டுத் திருச்சிலுவை ஆலயம். வழிபாட்டில் வேறுபட்டாலும் ஒரு விஷயத்தில் இந்த மூன்று மரபுகளும் ஒரே பக்கம் நிற்கின்றன. மனித உடல் கடவுளின் கணக்கில் வருவது. ஆணும் பெண்ணும் கூடும் உறவு விளையாட்டுக் காரியமல்ல. அதற்கு வரம்பும் பொறுப்பும் உண்டு. இந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் இதே நம்பிக்கையிலிருந்து மூன்று வகை வீடுகளிலும் ஒரே நடைமுறை பிறந்திருக்கிறது: வளரும் பிள்ளைகளிடம் அந்த உறவைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. உறவு புனிதமானது, ஆகவே அதைப் பற்றிப் பேசாதே என்று தாவுவது சரிதானா? சரியில்லை என்பது என் முடிவு. ஒழுக்கத்தைக் கடவுள் கேட்கிறார் என்று நம்புகிறவருக்குத்தான், அந்த ஒழுக்கத்துக்கு வேண்டிய அறிவைப் பிள்ளைகளுக்குத் தரும் கடமை மற்றவர்களைவிடக் கூடுதலாக இருக்கிறது. அறியாமையை அறமென்று எண்ணிக் காப்பது மத நெறிகளின் அளவுகோலிலேயே தவறு. அதன் விலையை எல்லோரும் சமமாகக் கொடுப்பதும் இல்லை.

இதைத் தர்க்கத்தால் மட்டும் தீர்த்துவிட முடியாது. பேசாமல் இருந்தால் பிள்ளைகளுக்கு என்ன நேர்கிறது என்பதை ஊர் ஊராகப் போய்க் கேட்டுத்தான் அறிய வேண்டும். இந்தியாவில் அதைக் கேட்பதையே வாழ்நாள் பணியாகக் கொண்டவர்களில் முதன்மையானவர் ஷிரீன் ஜீஜீபாய். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மக்கள்தொகையியலில் முனைவர் பட்டம் பெற்றவர். ஜெனீவாவில் உலக சுகாதார நிறுவனத்திலும், பின்னர் டெல்லியில் பாப்புலேஷன் கவுன்சிலிலும் பணியாற்றிவிட்டு, அக்ஷா என்ற சமத்துவத்துக்கும் நல்வாழ்வுக்குமான ஆய்வு மையத்தை வழிநடத்தினார். அவருடைய ஆய்வுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் அவற்றில் பல கேள்வியை ஒரு படி பின்னுக்கு, இன்னும் இளைய வயதுக்கு நகர்த்தியிருப்பது தெரியும். பெண்ணின் படிப்பு அவளுடைய சுயநிர்ணயத்தையும் பிள்ளைப்பேற்றையும் எப்படி மாற்றுகிறது என்று 1995-இல் ஒரு நூல் எழுதினார். படித்தும் படிக்காமலும் பெண்கள் ஏன் தம் உடல் மீது உரிமையற்றவர்களாக இருக்கிறார்கள் என்ற கேள்வி அவருடைய ஆய்வைத் திருமண வாழ்வுக்குள் கொண்டுபோனது. உத்தரப் பிரதேசத்திலும் தமிழ்நாட்டிலும் கணவன் மனைவியை அடிப்பது எப்படி நியாயப்படுத்தப்படுகிறது என்று 1998-இல் எழுதினார். அங்கிருந்து திருமணத்துக்கு முந்தைய வளரிளம் பருவத்துக்குப் போனார். பிற்காலத்தில் இளைஞர் நலமும் சமத்துவமும் அவருக்கு ஒரே பொருளின் இரு பக்கங்களாயின.

அதே 1998-இல், இந்திய வளரிளம் பருவத்தினரின் பாலியல் நலம் பற்றி அதுவரை சிதறிக் கிடந்த ஆய்வுகளைத் தொகுத்து அவர் மதிப்பிட்டார். மத நம்பிக்கை உள்ள பெற்றோர் நின்று யோசிக்க வேண்டிய செய்தி அதில் இருக்கிறது. பிள்ளை காதலில் விழுந்து கெட்டுப்போய்விடக் கூடாது என்பதுதான் வீடுகளின் பெரிய பயம். ஆனால் நம் நாட்டில் வளரிளம் பெண்களின் பாலுறவு அனுபவம் பெரும்பாலும் திருமணத்துக்கு வெளியே தொடங்குவதில்லை, திருமணத்துக்குள்தான் தொடங்குகிறது. 2005-06-இல் எடுக்கப்பட்ட மூன்றாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 20 முதல் 24 வயதுள்ள இந்தியப் பெண்களில் ஏறத்தாழ 47 சதவீதத்தினர் 18 வயது நிரம்பும் முன் மணமானவர்கள். 2019-21 கணக்கெடுப்பில் இது 23 சதவீதமாகவும், தமிழ்நாட்டில் சுமார் 13 சதவீதமாகவும் குறைந்தது. குறைந்த பிறகும், அந்த வயதுள்ள தமிழ்நாட்டுப் பெண்கள் நூறு பேரில் பதின்மூன்று பேர் சட்ட வயதுக்கு முன்பே மணமேடை ஏறியிருக்கிறார்கள். 2005-இல் ஜீஜீபாய் இணைந்து தொகுத்த நூல் ஒன்று, வளரும் நாடுகளின் இளையோர் சம்மதமின்றி உறவுக்கு உட்படுத்தப்படுவதைப் பற்றியது. அந்த வன்முறை திருமணத்துக்குள்ளும் நிகழ்வதை அது மறைக்கவில்லை. அதாவது, நாம் காத்த அறியாமை மிக ஆழமாகக் காயப்படுத்துவது, தாலி கட்டி, மந்திரம் சொல்லி, திருப்பலி நிறைவேற்றி, நிக்காஹ் ஓதி நாமே அனுப்பிவைத்த அறைக்குள்தான். மதம் ஆசீர்வதித்த இடத்தில் நடப்பதற்கு மதம் பொறுப்பேற்காமல் ஒதுங்க முடியுமா?

2006-07-இல் மும்பையிலுள்ள மக்கள்தொகை அறிவியல் சர்வதேச நிறுவனமும் பாப்புலேஷன் கவுன்சிலும் சேர்ந்து ஆறு மாநிலங்களில் இளைஞர்களின் நிலையையும் தேவையையும் ஆராய்ந்தன. அவற்றில் தமிழ்நாடும் ஒன்று. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இளம் ஆண்களிடமும் பெண்களிடமும் நேரில் பேசி எடுத்த அந்தப் பெரும் ஆய்வின் முன்னணியில் ஜீஜீபாய் இருந்தார். 15 முதல் 24 வயது வரையுள்ளவர்களில் ஏதோ ஒரு வகையில் முறையான பாலியல் கல்வியோ குடும்ப வாழ்வுக் கல்வியோ பெற்றவர்கள் சுமார் 15 சதவீதம்தான். அந்தக் கல்வி இளையோருக்கு அவசியம் என்று சொன்னவர்களோ மிகப் பெரும்பான்மையினர். இந்த இரண்டு விடைகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஒரு தலைமுறை பெரியவர்கள் முன் வைத்த விண்ணப்பம். பிள்ளைகள் கேட்கவே இல்லை, நாமாக ஏன் சொல்ல வேண்டும் என்ற சமாதானம் இதோடு அடிபட்டுப் போகிறது. கேட்டால் திட்டு விழும் என்று தெரிந்ததால் வீட்டில் கேட்காதவர்கள், அந்நியரான ஓர் ஆய்வாளர் மதிப்போடு கேட்டபோது மனம் திறந்தார்கள். பிள்ளையின் கேள்வியை அந்நியர் காதில் போட வைப்பது எந்த மரபுக்கும் பெருமையல்ல.

இந்த மௌனம் மதத்தின் கட்டளையா, அல்லது மதத்தின் பெயரில் ஒளிந்திருக்கும் வேறொன்றா? இதற்கு விடை சொல்ல உதவும் ஆய்வு ஒன்றும் ஜீஜீபாயின் வரிசையில் இருக்கிறது. 2001-இல் பாகிஸ்தானிய மக்கள்தொகையியலாளர் ஜெபா சதாருடன் சேர்ந்து அவர் வெளியிட்டது அது. பாகிஸ்தானின் பஞ்சாப், இந்தியாவின் உத்தரப் பிரதேசம், தமிழ்நாடு ஆகிய மூன்று இடங்களின் பெண்களை ஒப்பிட்டு, வீட்டு முடிவுகளில் அவர்களின் குரல், வெளியே போய்வரும் சுதந்திரம், பணத்தின் மீதான பிடி, கணவனிடம் அச்சமின்றி வாழ்தல் ஆகியவற்றை இருவரும் அளந்தார்கள். மூன்று இடங்களிலுமே பெண்ணுக்குக் கட்டுப்பாடு இருந்தது. ஆனால் இந்துவானாலும் முஸ்லிமானாலும் தமிழ்நாட்டுப் பெண்களின் நிலை மற்ற இரண்டு இடங்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மேலாக இருந்தது. முஸ்லிம் பெண் என்பதாலேயே ஒருத்திக்குச் சுதந்திரம் குறைவு என்று காட்ட ஆதாரம் கிடைக்கவில்லை. பெண்ணின் எல்லையைத் தீர்மானிப்பதில் வேதத்தைவிட வட்டாரத்தின் ஆண்-பெண் ஒழுங்குமுறைக்கு வலிமை அதிகம் என்பதே அந்த ஒப்பீடு தரும் பாடம். இறைநம்பிக்கையாளருக்கு இது விடுதலை தரும் முடிவு. மௌனத்தைக் கேள்வி கேட்பதால் கடவுளையே கேள்வி கேட்பதாகிவிடுமோ என்று அவர் அஞ்ச வேண்டியதில்லை. ஊர் வழக்கத்துக்கு ஊர்தான் பொறுப்பு. அதைக் கடவுளின் தலையில் சுமத்துவதுதான் அவமரியாதை.

இந்த வழக்கத்தின் முரண் நம் சடங்கு வீடுகளில் வெளிப்படையாகவே தெரிகிறது. பெண் வயதுக்கு வந்துவிட்டாள் என்ற செய்தியைத் தென்மாவட்டங்களில் பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, முச்சந்தியில் அவள் படத்தோடு பிளக்ஸ் வைத்து அறிவிக்கிறோம். தாய்மாமன் சீர் ஊர்வலமாக வருகிறது, மொய் எழுதப்படுகிறது. அந்தச் சிறுமியின் உடலில் நடந்தது என்ன, அது ஏன் மாதாமாதம் நடக்கும், இனி அவள் உடலை யாரும் தொட முற்பட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் அவளிடம் சொல்வதில்லை. வெட்கம்தான் நம் வாயைக் கட்டுகிறது என்றால் பிளக்ஸ் வைக்க எப்படி மனம் வந்தது? இங்கே மறைக்கப்படுவது உடல் அல்ல, அவள் உடலைப் பற்றிய அறிவு. அதுவும் அவளிடமிருந்தே மறைக்கப்படுகிறது. அவள் மணமுடிக்கத் தகுதியானவள் என்பது ஊருக்குத் தெரிந்தாக வேண்டும், அவளுக்குத் தெரியத் தேவையில்லை என்பதே இதன் உட்பொருள். இந்த ஏற்பாட்டுக்கும் கற்புக்கும் தொடர்பில்லை. முடிவெடுக்கும் அதிகாரம் யார் கையில் இருக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு இது.

உடலைப் பற்றிப் பேசும் மொழி நம் மதங்களிடம் இல்லை என்றும் சொல்ல முடியாது. இதே முத்துக்குளித்துறைக் கரையில் வாழ்ந்து தமிழ் கற்ற ஹென்ரிக் ஹென்ரிக்ஸ் அடிகளார், 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்டதைத் தமிழ் அச்சு வரலாறு கொண்டாடுகிறது. அவருடைய இன்னொரு நூல் 1580-இல் கொச்சியில் அச்சான ‘கொம்பெசியொனாயரு’. பாவசங்கீர்த்தனத்துக்கு வழிகாட்டும் கையேடு. பத்துக் கட்டளைகளை ஒட்டி மனச்சாட்சியைச் சோதிக்கச் சொல்லும் அந்த நூல் விபசாரத்தைத் தடுக்கும் ஆறாம் கட்டளையைத் தவிர்த்துவிடவில்லை. பரதவ மக்களிடம் அவர்களின் தாய்மொழியில் உடல் சார்ந்த பாவங்களைப் பற்றிக் கேட்கத் தேவையான சொற்கள் நானூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கரைக்கு வந்துவிட்டன. தவறு நடந்த பிறகு விசாரிக்க மொழி இருந்தது என்றால், தவறு நடக்கும் முன் கற்பிக்க மொழி இல்லை என்பது சாக்கு. உலகத் திருச்சபையும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. 1929-இல் திருத்தந்தை 11-ஆம் பயஸ் பாலியல் கல்வியை ஐயத்தோடு பார்த்து எச்சரித்தார். 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், வயதுக்கேற்ற, விவேகமான பாலியல் கல்வியைப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும் என்று கிறிஸ்தவக் கல்வி பற்றிய தன் அறிக்கையில் வெளிப்படையாகச் சொன்னது. 2016-இல் வெளிவந்த ‘அன்பின் மகிழ்வு’ என்ற திருத்தூது ஊக்கவுரையில் திருத்தந்தை பிரான்சிஸ் அதன் தேவைக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கினார். 1923-இல் தனி மறைமாவட்டமான தூத்துக்குடியில் ஒரு பங்குத்தந்தை மறைக்கல்வி வகுப்பில் இதைப் பேசினால், அவர் திருச்சபையை மீறியவர் ஆகமாட்டார். அதன் போதனைக்குக் கீழ்ப்படிந்தவர் ஆவார்.

மற்ற மரபுகளும் இப்படித்தான். மதரஸாவில் ஃபிக்ஹு என்னும் மார்க்கச் சட்டம் படிக்கும் பிள்ளை, மாதவிடாயும் கடமையான குளிப்பும் பற்றிய சட்டங்களை மறைப்பின்றிப் படிக்கிறது. தொழுகையின் தூய்மை அந்த அறிவைச் சார்ந்திருக்கிறது. வெட்கம் மார்க்கத்தை அறிவதற்குத் தடையாக விடாத மதீனாவின் அன்சாரிப் பெண்களை நபிகளாரின் துணைவியார் அன்னை ஆயிஷா பாராட்டியதாக ஹதீஸ் உண்டு. பிரம்மசரியத்தை அண்மை நூற்றாண்டுகளில் காந்தியைவிடத் தீவிரமாகப் போதித்தவர் இல்லை. கருத்தடைச் சாதனங்களை அவர் எதிர்த்தார். அவர்கூட, இனப்பெருக்க உறுப்புகளின் இயல்பைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது அவசியம் என்று 1936-இல் ‘ஹரிஜன்’ இதழில் எழுதினார். அந்தக் கல்வியின் நோக்கம் இச்சையை வெல்வதாக இருக்க வேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனை. கருத்தடையைப் பெண் விடுதலையின் கருவியாகக் கண்ட பெரியாரும் அதை எதிர்த்த காந்தியும் நேரெதிர்த் துருவங்கள். ஆயினும் மௌனத்தை இருவரில் ஒருவரும் பரிந்துரைக்கவில்லை. வெளிப்படைப் பேச்சு நமக்குப் புதிதல்ல என்பதற்கு ஆதரவாகச் சங்க அகப்பாடல்களை இழுப்பது இன்றைய வழக்கம்; கொற்கை முத்தும் நெய்தல் காதலும் நம் பெருமைதான். ஆனால் புலவர் காதலைப் பாடினார் என்பதால் கொற்கைச் சிறுமிக்குத் தன் உடல் பற்றித் தெரிந்திருந்தது என்றாகாது. இலக்கியத்தின் தாராளத்தைக் காட்டி இன்றைய கடமையிலிருந்து தப்பிக்க வேண்டாம்.

இனி இந்தக் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். அறம் என்பது தெரிந்தே தேர்வது. கத்தோலிக்க ஒழுக்கவியலில், ஒரு செயல் சாவான பாவமாக வேண்டுமானால் முழு அறிவும் முழுச் சம்மதமும் இருக்க வேண்டும். இஸ்லாத்தில் செயலின் மதிப்பு நிய்யத்தில், அதாவது நோக்கத்தில், இருக்கிறது. பெண்ணைச் சிறைப்படுத்திக் காவல் காப்பதில் பயனில்லை, அவளுடைய உள்ள உறுதியே தலையான காவல் என்பது வள்ளுவர் கருத்து. அதை ஆணுக்கும் சேர்த்தே படிக்க வேண்டும். பாவத்துக்கு அறிவு தேவை என்றால் புண்ணியத்துக்கும் தேவை. தெரியாததால் தவறாத பிள்ளையிடம் இருப்பது வாய்ப்பின்மை. அதை ஒழுக்கம் என்று கடவுள் முன் கணக்குக் காட்ட முடியாது. 1983-இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1096-ஆம் விதி இதை இன்னும் கூர்மையாகச் சொல்கிறது. திருமணம் என்பது பாலுறவின் வழியே மகப்பேற்றை நோக்கிய நிலையான கூட்டுவாழ்வு என்பதையேனும் மணமக்கள் அறிந்திருக்க வேண்டும். அந்த அடிப்படை அறிவு இல்லாத இடத்தில் சம்மதம் நிற்காது. பருவமடைந்தவருக்கு அந்த அறிவு இருப்பதாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. யார் சொல்லிக்கொடுத்ததாக எடுத்துக்கொள்கிறது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. திருமணத் தயாரிப்பு வகுப்பு நடப்பது தேதி குறித்த பிறகு. பெண் பருவமடைவது அதற்குப் பத்தாண்டுகள் முன்பு. நடுவில் இருக்கும் அந்தப் பத்தாண்டுகளைத் திரைப்படமும் கைபேசியும் நண்பர் கூட்டமும் எடுத்துக்கொள்கின்றன.

முதல் மறுப்பு எல்லோரும் அறிந்தது: சொல்லிக்கொடுத்தால் செய்து பார்ப்பார்கள். இது அனுபவத்தால் சோதிக்கக்கூடிய கூற்று, சோதிக்கப்பட்டும் இருக்கிறது. 2009-இல் யுனெஸ்கோ பல நாட்டுக் கல்வித் திட்டங்களின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேற்பட்ட திட்டங்கள் பாலுறவு தொடங்கும் வயதைத் தள்ளிப்போட்டிருந்தன, மற்றவற்றில் மாற்றமில்லை, அந்த வயதை முன்கூட்டி இழுத்துவந்ததாக ஒன்றும் தெரியவரவில்லை. ஆக, பிள்ளை தாமதிக்க வேண்டும் என்று விரும்பும் பெற்றோருக்கு அறிவு துணை நிற்கிறது. இந்தக் கரை மக்களுக்கு இது புதிய பாடமும் இல்லை. முத்துக்குளிக்கப் போகும் முன் சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதும் கடல்கட்டிகளுக்குப் பங்கு கொடுத்தார்கள். 13-ஆம் நூற்றாண்டில் மார்கோ போலோவே அதைப் பதிந்திருக்கிறார், ஆங்கிலேயர் காலம் வரை அது தொடர்ந்தது. மந்திரம் ஓதிய கையோடு, கல்லைக் கட்டி இறங்கும் விதம், மூச்சை அடக்கும் விதம், கயிற்றை அசைத்து மேலே சைகை காட்டும் விதம் எல்லாவற்றையும் இளையவனுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கடலைப் பற்றிச் சொன்னால் பையன் மூழ்கிவிடுவான் என்று எந்தப் பெரியவரும் வாய்மூடி இருந்ததில்லை. ஜெபமும் பயிற்சியும் அங்கே ஒன்றையொன்று பகைக்கவில்லை. இங்கே மட்டும் ஏன் பகைக்க வேண்டும்?

இரண்டாவது மறுப்பு கனமானது: இதைக் கற்பிப்பது பெற்றோரின் உரிமை, பள்ளியோ அரசோ தலையிடக் கூடாது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் இதைப் பெற்றோரின் அடிப்படை உரிமை என்று எழுதினார். அதே மூச்சில் கடமை என்றும் எழுதினார். கடமையைச் செய்யாமல் உரிமையை மட்டும் பிடித்துவைத்துக்கொள்வது நியாயமாகாது. செய்ய முடியாத பெற்றோரும் இருக்கிறார்கள். விடியுமுன் உப்பளத்துக்குப் போய் வெயிலில் உப்பு வாரும் தாய்க்கும், இரவெல்லாம் கடலில் கிடக்கும் தகப்பனுக்கும் யாரும் இதைச் சொல்லித்தந்ததில்லை. தங்களிடம் இல்லாததை அவர்கள் எப்படிக் கொடுப்பார்கள்? விடுதிகளில் வளரும் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் பெற்றோரே இல்லை. இன்னொரு கசப்பான உண்மையும் உண்டு. மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட பதின்மூன்று மாநில ஆய்வில், கேட்கப்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் ஏதோ ஒரு வகைப் பாலியல் அத்துமீறலைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். அத்துமீறியவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். உறவினர், ஆசிரியர், சில வேளைகளில் மதப்பணியாளர்கூட அந்த இடத்தில் இருக்கலாம். நடந்ததை விவரிக்க வார்த்தையும் இல்லாமல், சொன்னால் நம்பும் ஆளும் இல்லாமல் இருக்கும் பிள்ளைதான் அப்படிப்பட்டவருக்கு வசதி. வீட்டின் உரிமையை மதிப்போம். வீட்டுக்கு வெளியேயும் நம்பகமான ஒரு குரல் பிள்ளைக்கு வேண்டும்.

மூன்றாவது மறுப்பு: இது மேல்நாட்டுச் சரக்கு, நம் பண்பாட்டுக்கு ஒவ்வாதது. 2005-இல் தொடங்கிய வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை 2007-இல் மகாராஷ்டிரம், குஜராத், கர்நாடகம், மத்தியப் பிரதேசம் உள்ளிட்ட மாநிலங்கள் நிறுத்தியதும், 2009-இல் மாநிலங்களவையின் மனுக்கள் குழு பள்ளியில் பாலியல் கல்வி வேண்டாம் என்றதும் இந்த வாதத்தால்தான். நம் பண்பாடே நம்மைக் காக்கும் என்பதை நாடு ஏற்கெனவே ஒருமுறை பரீட்சித்துப் பார்த்துவிட்டது. எய்ட்ஸ் மேல்நாட்டு ஒழுக்கக்கேட்டின் நோய், இங்கே வராது என்று பேசப்பட்ட காலத்தில், 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சென்னையில் எடுத்த இரத்த மாதிரிகளில் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். பண்பாடு தந்த நம்பிக்கை கிருமியைத் தடுக்கவில்லை. பின்னர் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு ஒருவருக்கு மேல் தொற்று இருந்த மாநிலங்களின் வரிசையில் தமிழ்நாடு நின்றது. துறைமுக நகரங்களிலும் லாரி நிறுத்தங்களிலும் வெட்கத்தை ஒதுக்கிவைத்துப் பேச வேண்டியிருந்தது. எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கான புள்ளிராஜா விளம்பரங்களைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் நிறையப் பேர். ஆனால் தொற்று குறைந்தது. பல காரணங்கள் சேர்ந்த குறைவு அது. ஆயினும் வெளிப்படையான பேச்சு இல்லாமல் அவற்றில் எதுவும் நடந்திருக்காது. ஒழுக்கமான மனைவிகளும் அவர்கள் பெற்ற குழந்தைகளும் அந்தப் பேச்சால் பிழைத்தார்கள் என்பதை மத மேடைகள் நன்றியோடு நினைக்க வேண்டும்.

நான்காவது மறுப்பை நானே வைக்கிறேன், ஏனெனில் அதில் உண்மை இருக்கிறது. சுகாதாரத் துறையின் மொழி காதலை நோய் அபாயமாகவும், உடலைப் பராமரிப்புக் குறிப்பாகவும் சுருக்கிவிடுகிறது. எது நடக்கிறது என்று ஆய்வாளர் அளந்து சொல்லலாம். எதற்காக வாழ வேண்டும் என்று அட்டவணை சொல்லாது. நம்பகம், தியாகம், ஒருவரையொருவர் மதித்தல், குழந்தையை வரவேற்கும் மனம் இவற்றையெல்லாம் தலைமுறை தலைமுறையாகப் பேசிவந்தவை மதங்கள்தான். அந்தப் பேச்சு இல்லாத பாலியல் கல்வி அரைகுறைதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இந்த ஒப்புதல் மௌனத்துக்குச் சாதகமாக வேலை செய்யாது. அர்த்தத்தைத் தர மதத்தால் முடியும் என்றால், உண்மையை மறைக்காமல் அந்த அர்த்தத்தைத் தரும் பொறுப்பும் அதற்கு வந்துசேர்கிறது. உடலின் இயக்கம் தெரியாத பிள்ளையிடம் உடலின் புனிதம் பற்றிப் பேசினால், அச்சம்தான் அவன் மனத்தில் தங்கும். மறுக்கும் உரிமை தனக்கு உண்டு என்று அறியாத பெண்ணிடம் அர்ப்பணிப்பைப் போதித்தால், அவள் கற்றுக்கொள்வது பணிந்துபோவதை மட்டுமே. ஜீஜீபாயின் ஆய்வு வரிசையை ஒரு சமயவாதி இப்படித்தான் படிக்க வேண்டும் என்று கருதுகிறேன்: நாம் உயர்வாகப் பேசிய சொற்கள் இளையவர் வாழ்க்கையில் என்னவாக மாறின என்பதற்கான மனச்சாட்சிச் சோதனை அது.

இந்தச் சோதனையில் கடைசியாக எழுவது சமத்துவம். அறியாமை எல்லார் வீட்டிலும் ஒரே அளவில் விலை கேட்பதில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பிரச்சினை வந்தால் தனியார் மருத்துவர் கதவைச் சாத்திக்கொண்டு ஆலோசனை சொல்வார். நிழலும் கழிப்பறையும் அரிதான உப்பளத்துத் தொழிலாளியின் மகளுக்கு அரசு மருத்துவமனைதான் கதி. அங்கே போனால் காவல் நிலையத்துக்குத் தகவல் போய்விடுமோ என்ற பயமும் கூடவே வரும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-இல் வந்த போக்சோ சட்டம் தேவையான சட்டம். ஆனால் 18 வயதுக்குக் கீழே எல்லா உறவையும் குற்றமாக்கி, தகவல் தருவதையும் அது கட்டாயமாக்கியது. காதலித்த வளரிளம் பருவத்தினரை அந்தச் சட்டத்தில் சிக்கவைப்பது அதன் நோக்கமல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் ஒரு வழக்கில் சொன்னது. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் மருத்துவர் அவள் பெயரைக் காவல்துறைக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. சம்மத வயதைக் குறைக்க வேண்டாம் என்று 2023-இல் சட்ட ஆணையம் பரிந்துரைத்தது. வயதைப் பற்றி நல்லெண்ணமுள்ளவர்கள் இரு பக்கமும் நிற்கலாம். ஆனால் சட்டம் இவ்வளவு கடுமையாக இருக்கும் நாட்டில், அந்தச் சட்டம் இருப்பதையேகூடப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் வைத்திருப்பது எப்படி நியாயமாகும்? தெரியாத விதியை மீறியதற்காகத் தண்டனை பெறுவோர் பெரும்பாலும் ஏழை வீட்டுப் பையன்கள். அவமானம் சுமப்போர் ஏழை வீட்டுப் பெண்கள். எளியவருக்கு நேரும் அநீதியைக் கடவுள் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று போதிக்கும் மதங்கள், தம் மௌனம் யார் தலையில் விழுகிறது என்று பார்க்காமல் இருக்க முடியாது.

செய்ய வேண்டியது புரட்சியல்ல. 10 முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்காக 2014-இல் தேசிய வளரிளம் பருவ நலத் திட்டம் தொடங்கப்பட்டது. அதன் ஆலோசனை மையங்களுக்குப் பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கு, தயங்க வேண்டாம் என்று சொல்லும் வலிமை பங்குத்தந்தைக்கும் இமாமுக்கும் கோயில் நிர்வாகிக்கும் உண்டு. மறைக்கல்வி வகுப்பிலும் மதரஸாவிலும் ஞாயிறு பள்ளியிலும், பத்து வயதில் உடலின் எல்லைகள், பன்னிரண்டில் பருவ மாற்றங்கள், பதினைந்தில் சம்மதமும் சட்டமும் கருத்தரிப்பும் நோயும் என்று வயதறிந்து, பயிற்சி பெற்ற செவிலியர் வாயிலாகச் சொல்லலாம். பையன்களையும் ஒதுக்காமல் உட்காரவைக்க வேண்டும். அர்த்தத்தை மதமே சொல்லட்டும். உண்மைகளை அறிந்தவர் சொல்லட்டும். இரண்டும் ஒரே அறையில் நடக்கட்டும். இளையவரிடம் தூய்மையைக் கேட்கும் உரிமை பெரியவர்களுக்கு இருக்கிறது. அந்த உரிமை, அதற்கு வேண்டிய அறிவை முதலில் கொடுத்துவிட்டவர்களுக்கே சேரும். கொடுக்காமல் கேட்பவர்கள், பிள்ளை தவறும்போது அவள் மீது தீர்ப்புச் சொல்லும் தகுதியை இழந்துவிடுகிறார்கள். அவளுக்கு முன்பாகத் தங்கள் கடமையில் தவறியவர்கள் அவர்கள்தான்.